சந்தனம் பூசிய கேம் பெட்டி

விஜயதசமி அன்று காலை ஒன்பது ஐம்பதுக்கு என் மகள் கோமதி கேம் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். திரை விழிக்கவில்லை.

நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம் உண்டு. பத்தரைக்குத் தறியைத் தொடங்க நல்ல நேரம் என்று பார்த்து வைத்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி நின்றிருந்தேன்.

அவள் மறுபடி அழுத்தினாள். சார்ஜர் வயரைச் செருகிவிட்டுக் காத்திருந்தாள். பிறகு பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"எப்பா, இதுக்குள்ள தண்ணி பட்டுச்சா?"

"லேசாத்தான் தெளிச்சேன்."

"எங்கன தெளிச்சீங்க?"

"எல்லாத்துக்கும் தெளிச்ச மாதிரிதான்."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. ஆயுத பூஜை அன்று அவற்றை நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைப்போம். கத்தரிக்கோல், ஸ்பேனர், என் ஸ்கூட்டர், நர்ஸாக இருக்கும் என் மனைவி வள்ளியின் பிரஷர் பார்க்கும் கருவி, கோமதியின் பாடப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் உண்டு.

அந்த வருடம் எங்கள் வீட்டில் அதிகம் உழைத்தது கேம் பெட்டிதான் என்று எனக்குத் தோன்றியது. அதையும் எடுத்துப் புத்தக அடுக்கின் மேல் வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்து விளையாடுகிற, ஒரு நோட்டுப் புத்தகத்தைவிடச் சிறிய பெட்டி. அதன் மேல்விளிம்பில் காற்றுப் போகக் கோடு கோடாகத் துளைகள் இருக்கும். பார்க்க நெற்றி மாதிரி இருந்தது. சந்தனத்தை அங்கேதான் பூசினேன். தீபாராதனை முடிந்ததும் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். இருபது வருடமாகத் தறி மோட்டார்களுக்குத் தெளிக்கிறேன். ஒன்றுக்கும் ஒன்றும் ஆனதில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பது வீட்டு வழக்கம். ஆகவே அந்த ஈரம் ஒரு நாள் முழுக்க உள்ளேயே இருந்திருக்கிறது.

கோமதி என்னைத் திட்டவில்லை. "டேசன் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு நான் சொன்ன பதிலை இன்றும் மறக்க முடியவில்லை.

"கேம்தானம்மா. வேற வாங்கிக்கலாம்."

கடிதங்களில் வந்த கேள்வி

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில், நோயில் கிடந்த மகளோடு உட்கார்ந்து ஒரு வருடம் கேம் விளையாடியதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். நான் எழுதியதிலேயே அந்த இரண்டு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்தன. கால் ஒடிந்து படுத்திருக்கும் மகனுடைய தாய், பேரனோடு பேச ஒரு வழி தேடும் தாத்தா, இப்படிப் பலர். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: எந்தக் கேம் வாங்கலாம்?

சொல்கிறேன். ஆனால் அந்த விஜயதசமியைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அன்று நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த விளையாட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாக மனதுக்குள் மறுபடி ஆடிப் பார்த்தேன்.

அப்போது கோமதிக்குப் பதின்மூன்று வயது. அதற்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு தொண்டை வலி வந்தது. அது மூட்டு வலியாக மாறி, கடைசியில் இதய வால்வைத் தொட்டுவிட்டது. வாதக் காய்ச்சல் என்றார்கள். ஓடக்கூடாது, பள்ளிக்கூடம் வேண்டாம், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. சிங்கப்பூரில் இருக்கும் வள்ளியின் தம்பி அந்தப் பெட்டியை அனுப்பிவைத்தான்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இனி பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும், எல்லாப் பிள்ளைகளையும் போல இருக்கட்டும்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று நான்தான் தள்ளினேன். விஜயதசமி வந்தபோது அவள் தனியாக எங்கள் தெருமுனையைத் தாண்டி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது.

அரிசி மணிகள்

ஈரம் பட்ட கருவியை அரிசிக்குள் புதைத்து வைத்தால் சரியாகும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். பெட்டியை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். "ராத்திரி வரை இருக்கட்டும், வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்குத் தறிக்கொட்டகைக்குப் போனேன்.

எட்டுத் தறியும் ஒன்றாக ஓடத் தொடங்கினால் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. வாசல் கேட் திறப்பது எங்கே கேட்கப்போகிறது? ஒரு வருடமாக அவள் இருமினால்கூட ஓடி வந்தவன் நான். அன்று ஐம்பது நிமிடம் தறியோடு நின்றுவிட்டேன்.

பதினொன்று இருபதுக்கு மோர் எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். கட்டில் காலியாக இருந்தது. சமையலறையில் அரிசி டின் திறந்து கிடந்தது. பெட்டி இல்லை. டின்னிலிருந்து வாசல் வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக அரிசி மணிகள் சிந்தியிருந்தன. வாசலுக்கு அப்பால் ஒன்றுமில்லை.

வள்ளி அன்று ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் இருந்தாள். போன் செய்தேன்.

"மாத்திரை போட்டாளா?"

"காலையிலயே போட்டா."

"செருப்பு இருக்கா?"

பார்த்தேன். இல்லை.

"அப்ப யோசிச்சுத்தான் போயிருக்கா. நீங்க பதறாதீங்க."

"வால்வு, வள்ளி..."

"வால்வு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னப்பவே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தா இன்னைக்குத் தேடிப் போக நாலு கூட்டாளி வீடாவது இருந்திருக்கும். போயி பஸ் ஸ்டாண்டுல கேளுங்க."

முதலில் கோயில் வாசலுக்குப் போனேன். தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் சின்னப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத வைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பிள்ளைகளின் முகத்திலும் ஒரு நொடி அவள் முகம் தெரிந்து மறைந்தது. வெயில் ஏறியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் பாப்பா என்பவள் என்னைத் தெரிந்தவள். நான் கேட்டு முடிக்கும் முன்பே சொன்னாள்.

"மஞ்சப்பை வச்சிருந்த பிள்ளையா அண்ணாச்சி? பத்தே முக்கால் வாசுதேவநல்லூர் வண்டில போச்சு. பூ வேணுமாட்டின்னு கேட்டேன். பஸ்ஸுக்கு மட்டுந்தான் காசு வச்சிருக்கேன்னுச்சு."

"தனியாவா போனா?"

"வண்டி நெறைய ஆளு. அதுல எங்கன தனியா?"

வாசுதேவநல்லூர் என்றதும் புரிந்துவிட்டது. அங்கே மும்தாஜ் என்ற பெண் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் கொண்டுவரும் பழைய கேம்களும் அவளிடம் கிடைக்கும். கோமதி எழுதித் தரும் சீட்டோடு மாதம் ஒருமுறை நான்தான் போய் வாங்கி வருவேன். கோமதி அந்தக் கடையைப் பார்த்ததே இல்லை. அதன் பெயரும் ஊரும் அச்சிட்ட பையை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

மும்தாஜுக்குப் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. அடுத்த வண்டியில் கிளம்பப் போனேன். வள்ளியிடம் போனில் சொன்னேன், விடவில்லை.

"நீங்க ஒரு வண்டில போக, அவ எதிர் வண்டில வர, ரெண்டு பேரும் ரோட்டுலயே திரிவீங்க. அங்கனயே உக்காருங்க."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய?

ஸ்டேஷன் மாஸ்டரும் போர்ட்டரும்

முதலில் வாங்க வேண்டிய கேம் எது என்று கேட்டால், நாங்கள் வீட்டில் 'டேசன்' என்று கூப்பிடுவதைத்தான் சொல்வேன். கடைப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். எங்களுக்கு வாயில் நுழைந்தது எங்கள் பெயர்கள்தான். கடையில் இப்படி விவரித்தால் எடுத்துத் தருவார்கள்.

ஒரு மலையடிவாரம். ஒற்றைத் தண்டவாளம். ஒரு குட்டி ரயில் நிலையம். நாம் ஸ்டேஷன் மாஸ்டர். பெரிய வேலை ஒன்றுமில்லை. விளக்கைத் துடைக்க வேண்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ரயில் வந்தால் கொடி காட்ட வேண்டும். யாராவது இறங்கினால் டீ போட்டுக் கொடுக்கலாம். டீ பிடித்துவிட்டால் இறங்கியவர் அங்கேயே தங்கிவிடுவார். அடுத்த நாள் ஒரு வீடு முளைத்திருக்கும்.

நம் கடிகாரம்தான் அதன் கடிகாரமும். இங்கே சாயங்காலம் ஆனால் அங்கேயும் மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கும். இங்கே மத்தியானம் என்றால் அங்கேயும் நடைமேடையில் ஆள் இருக்காது. ஒரு நாய் மட்டும் நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து படுக்கும்.

இரண்டாவது ஆளும் சேரலாம். அவர் போர்ட்டர். ஸ்டேஷன் மாஸ்டர் சொல்கிற பெட்டியைத் தூக்க வேண்டியது மட்டும்தான் அவர் வேலை. அது நான்.

"எப்பா, அந்த அம்மா பெட்டிய ஏன் தண்டவாளத்துல வச்சீங்க?"

"கை தவறிருச்சு."

"வேலைய விட்டுத் தூக்கிருவேன் பாத்துக்கோங்க."

எட்டு மாதத்தில் நாற்பத்தொரு பேர் அங்கே தங்கினார்கள். ஒரு பல் டாக்டர், குடையை மறந்துவிட்டுத் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாத்தியார், எதையும் வாங்காமல் விலை மட்டும் கேட்கும் ஒரு பெண். அத்தனை பேருக்கும் கோமதி எங்கள் தெரு ஆட்களின் பெயரை வைத்தாள். தெருவில் அவளால் நடக்க முடியவில்லை. தெருவையே உள்ளே வரவழைத்துவிட்டாள்.

சில மதியங்களில் மின்விசிறிக் காற்றில் அவள் ஆடிக்கொண்டிருக்க, பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். நான் பாதித் தூக்கத்தில் அதை ரயில் என்று நினைத்துக்கொள்வேன். எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியாத ரயில். அவள் கொடியோடு நிற்கிறாள். எனக்கு எந்தக் கவலையும் இல்லை. அந்த வருடத்தில் நான் கவலையில்லாமல் இருந்தது அந்த அரைத் தூக்கத்தில்தான்.

அந்த டேசனுக்குத்தான் நான் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன்.

வாங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கேம் ஒரு நகத்தளவு அட்டையில் வருகிறது. நாங்கள் அதைக் கேசட் என்றே சொல்கிறோம். கேசட் தொலைந்தால் வேறு வாங்கலாம். ஆனால் நாம் ஆடிச் சேர்த்த ஊரும் ஆட்களும் அதில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறார்கள். பெட்டி போனால் அவர்களும் போனார்கள். இது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

நாடி பார்த்து வாங்கியவை

என் முறை இதுதான். கோமதி ஆடும்போது அவள் மணிக்கட்டில் என் இரண்டு விரல் இருக்கும். நாடி ஓடினால் அந்தக் கேம் அன்றோடு சரி. நடந்தால் அது நல்ல கேம்.

"எப்பா, விரலை எடுங்க. பொத்தான் அமுங்க மாட்டேங்கு."

"நீ ஆடு, நான் பாட்டுக்கு வச்சிருக்கேன்."

இந்தப் பரீட்சையில் தேறியவற்றில் ஒன்று 'நூல்'. ஒரு சட்டம், அதில் ஆணிகள், ஒரே ஒரு நூல். நூல் தன்னைத் தானே வெட்டாமல் எல்லா ஆணியையும் சுற்றி வர வேண்டும். தறிக்காரன் என்பதால் ஊதித் தள்ளிவிடுவேன் என்று உட்கார்ந்தேன். முப்பதாவது சட்டத்தில் நான் சிக்கிக் கிடந்தபோது அவள் அறுபதைத் தாண்டியிருந்தாள். தனியாக ஆடுகிற பிள்ளைக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் பிள்ளை வரும்.

இன்னொன்று 'கரிசல்'. காடு உழுது, விதைத்து, வெள்ளாமை எடுக்கிற கேம். இளையரசனேந்தலில் மானாவாரி விவசாயம் பார்க்கும் என் அக்காவின் கணவர் ஒருநாள் கோமதியைப் பார்க்க வந்தவர், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதைப் பார்த்தார். அதில் நாளை மழை என்று சொன்னால் நாளை மழை பெய்யும். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, இந்த ஊரு எந்தப் பக்கம் இருக்கு?"

"கேம் அத்தான்."

"அது தெரியுது. அங்கன ஏக்கர் என்ன வெலைன்னு கேட்டுச் சொல்லும்."

கோமதி அன்று சிரித்த சிரிப்பில் நான் நாடி பார்க்க மறந்துபோனேன். பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 'கரிசல்' நல்லது. அவர்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் தொடக்கத்தில் நிறைய ஆங்கிலம் வாசிக்க வேண்டும். கோமதி பள்ளிக்கூடம் போகாத வருடத்தில் கற்ற ஆங்கிலம் பெரும்பாலும் அந்தக் காட்டில் விளைந்ததுதான்.

மூன்றாவது, ஒரு சமையலறைக் கேம். இரண்டு பேர் சேர்ந்து வெட்டி, வதக்கி, தட்டில் வைத்து, வருகிற ஆட்களுக்கு அனுப்ப வேண்டும். குடும்பத்தோடு சிரிக்கலாம், வாங்குங்கள். கணவன் மனைவி மட்டும் தனியாக ஆட வேண்டாம்.

"வெங்காயத்த வெட்டாம என்ன வேடிக்க பாக்குதீங்க? வீட்லயும் இதே கததான்" என்றாள் வள்ளி.

எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கோமதி, "எம்மா, அப்பாவ விட்டுருங்க, அது போர்ட்டரு" என்றாள்.

பழைய கேசட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்பக்கத்துச் செப்புப் பற்கள் மங்கியிருந்தால் வாங்காதீர்கள். கடையிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். மும்தாஜ் கேட்காமலேயே போட்டுக் காட்டுவாள்.

வாங்க வேண்டாம் என்று நான் சொன்னது

கார் பந்தயம். மும்தாஜ் ஒரு தடவை, "பிள்ளைங்க இதுக்குத்தான் உசுர விடுதாங்க அண்ணாச்சி" என்று கூடச் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

கோமதி ஒரு சுற்றுதான் ஓட்டினாள். மலைப்பாதை, கடல், பாலம். வளைவில் உடம்பையே சாய்த்தாள். என் விரலுக்கு அடியில் நாடி குதித்தது. நான் எண்ணினேன். எண்ணிக்கொண்டே கையை நீட்டிப் பெட்டியை அணைத்தேன். அவள் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள்.

அவள் பெட்டியை மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"எப்பா, என் நாடி நல்லாத்தான் இருக்கு. ஒங்க கைதான் நடுங்குது."

அந்தக் கேசட்டை பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்தேன். கடிதம் எழுதிய தாய்மார்களுக்குச் சொல்கிறேன், இந்த ஒன்றில் மட்டும் என் பேச்சைக் கேட்க வேண்டாம். டாக்டர் சரி என்று சொல்லியிருந்தால் வாங்கிக் கொடுங்கள்.

இரண்டேகால் வண்டி

ஒரு மணி வண்டி வந்து போனது. ஒன்றே முக்கால் வண்டி வந்து போனது. ஒவ்வொரு வண்டி திரும்பி நிற்கும்போதும் எழுந்து போய் இரண்டு படிக்கட்டையும் பார்த்தேன். மல்லிகைக் கூடைகள் இறங்கின, வாழைக்குலை இறங்கியது, தூங்கி வழிந்த ஒரு குழந்தை தோளில் இறங்கியது. டீசல் புகையும் பூ வாசமும் கலந்து அடித்தது. பாப்பா ஒரு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். குடித்தேனா என்று நினைவில்லை.

இரண்டரை மணிக்கு மும்தாஜ் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, போனைச் சத்தமில்லாமக் கவுத்திப் போட்டுட்டு வேலையில இருந்துட்டேன். பதினோரு தடவ கூப்பிட்டிருக்கீங்க."

"கோமதி?"

"இங்கனதான் இருந்தா. ஒங்ககிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்னா, நானும் நம்பிட்டேன். இப்பத்தான் என் தங்கச்சி பஸ் ஸ்டாண்டுல கொண்டு விட்டுட்டு வந்தா. ரெண்டேகால் வண்டி."

"மூச்சு வாங்குச்சா அவளுக்கு?"

"வாங்குச்சு. என் தங்கச்சிகூடப் பேசிப் பேசி வாங்குச்சு."

அவளே தொடர்ந்தாள்.

"பெட்டியத் தொறந்தா உள்ள கோயில் வாசம் அண்ணாச்சி. சந்தனம் அப்படியே காஞ்சு ஒட்டியிருக்கு. யாரு பூசுனது?"

"நான்தான்."

"பிள்ள சொல்லலியே. நான் கேட்டதுக்குத் தெரியலக்கான்னுட்டா."

"சரியாயிருச்சா?"

"அத அவகிட்டயே கேளுங்க. இன்ஷா அல்லாஹ், பத்திரமா வந்து சேருவா."

வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் ஒரு மணி நேரம். மூன்றேகாலுக்கு வண்டி வந்தது. நான் முன் படிக்கட்டில் நின்றேன், பாப்பாவைப் பின் படிக்கட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கடைசி ஆள் இறங்கிய பிறகு உள்ளே ஏறி ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்தேன்.

அவள் இல்லை.

கண்டக்டர் பையைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "புளியங்குடி வரைக்கும் நிக்க எடமில்ல அண்ணாச்சி. யாரு ஏறுனா, யாரு எறங்குனான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மும்தாஜைக் கூப்பிட்டேன். தங்கை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்துவிட்டதாகவும், ஏறியதைப் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். வள்ளியைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அவள் பதறாதீங்க என்று சொல்லவில்லை. "அடுத்த வண்டி எப்ப?" என்றாள்.

"நாலு அஞ்சு."

"அதையும் பாருங்க. அதுலயும் இல்லன்னா நான் வாரேன்."

அந்த ஐம்பது நிமிடத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து பல தடவை எழுந்துவிட்டேன். அதில் நடந்தது ஒன்றுமில்லை. வெயில் கூரைத் தகரத்திலிருந்து மெல்ல இறங்கி எதிர்ச் சுவருக்குப் போனது. நெரிசலில் மயங்கி விழுந்திருப்பாளோ, யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்களோ, அவள் பெயரைக் கேட்டிருப்பார்களோ என்று நினைத்தேன். கோமதி என்பது எங்கள் ஊர் அம்மன் பெயர்; அப்படிச் சொன்னால் இந்தப் பக்கத்தில் எத்தனை கோமதி.

நாலு அஞ்சு வண்டி

வண்டி நிற்கும் முன்பே பாப்பா கையைக் காட்டினாள். சன்னல் ஓரத்தில் ஒரு மஞ்சள் பை.

கோமதி இறங்கினாள். முடியெல்லாம் கலைந்து, நெற்றியில் தூசியோடு இருந்தாள். மூச்சு வாங்கவில்லை. என்னைப் பார்த்ததும் சிறிது திடுக்கிட்டாள்.

"இங்கனயே இருக்கீங்களா எப்பா? எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்" என்றேன்.

பாப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"மொத வண்டில நிக்கக்கூட எடமில்ல. நெரிசல்ல நிக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காள்ல, அதான் விட்டுட்டேன். மும்தாஜக்கா கடைக்குத் திரும்பிப் போலாமான்னு பாத்தேன். அடுத்த வண்டில சீட்டு கெடச்சிருச்சு."

அவள் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. திட்டுவதற்காக நாலு மணி நேரம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டேன்.

"டேசன் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு, இருக்கு. எல்லாரும் இருக்காங்க. அத விடுங்க" என்றாள். "அக்காவோட தங்கச்சி இருக்காள்ல, நஸ்ரின். அவளும் எட்டாப்புதான். சமையல் கேமுல என்னய விட வேகமா வெட்டுதா. ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்கு வாரேன்னிருக்கா."

"வரட்டும்மா. பிரியாணி வாங்கிருவோம்."

அவள் இரண்டு அடி நடந்துவிட்டு நின்றாள். எப்படிச் சொல்வது என்று யோசிப்பவள் போல மஞ்சப்பையின் காதைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்பா, அன்னைக்கு மட்டும் நீங்க தறிக்குப் போயிருதீங்களா? நீங்க பக்கத்துல உக்காந்திருந்தா அவளுக்குக் கூச்சமா இருக்கும்."

"ஞாயித்துக்கெழம தறி ஓடாதே கோமு."

"ஓடாட்டி என்னப்பா, அங்கன போயி சும்மா உக்காந்திருங்க" என்றாள்.